வெண்டல் அங்கே இருந்துவிடுவானா

மார்லோ,
பிப்ரவரி 12, 1984

மதிப்புக்குரிய டிட்வெல் அம்மையார் அவர்களுக்கு,

புதன்கிழமை காலை பள்ளி நூலகத்தில் வெண்டல் எங்கள் கல்லூரி அணிக்கு ஆடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டதும் நான் முதலில் தேடியது உங்களைத்தான். நீங்கள் அதற்குள் பள்ளிப் பேருந்தைக் கழுவப் போய்விட்டதாகச் சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரரிடம் நன்றி சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

அம்மா, எதிரணியை மோதித் தள்ளி மறிக்கிற, உங்கள் மகனைப் போன்ற ஒரு தடுப்பு ஆட்டக்காரனை அலபாமா மாநிலம் பல வருடங்களாகப் பார்க்கவில்லை. மார்லோ ஸ்டேட்டில் எங்கள் பந்து வீசுபவன்மேல் யாரும் பாய்ந்துவிடாதபடி அவன் முன்னால் மலைபோல் நிற்பான். முதல் வருடமே நிற்பான். அவனுடைய 72ஆம் எண் சட்டை அவனுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு நானே கூட்டிப் போவேன். அவன் நீளத்துக்குக் கட்டில் செய்யச் சொல்லிவிட்டேன். நான் சொன்னவை எல்லாம் கல்லில் எழுதியவை. அங்கே அவனுக்குத் தாய் தகப்பன் எல்லாம் இந்த டேல் பர்விஸ்தான்.

உங்கள் கோழிக் குழம்பும் மாவுருண்டையும் இன்னும் என் நாக்கில் நிற்கின்றன. மறைந்த என் தாயார் கைக்குப் பிறகு அப்படி ஓர் உருண்டையை நான் வாயில் வைத்ததில்லை. அன்று உங்கள் மேசையில் என் கண் கலங்கியது வெங்காயத்தால் அல்ல என்பது உங்களுக்கே தெரியும்.

என்றும் நன்றியுள்ள,
டேல் பர்விஸ்
உதவிப் பயிற்சியாளர், மார்லோ ஸ்டேட் ஃபுட்பால் அணி


பெல் க்ரீக்,
மார்ச் 4, 1984

கோச் பர்விஸ் அவர்களுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மழையில் நான் ஓட்டுகிற பள்ளிப் பேருந்து இரண்டு முறை சேற்றில் மாட்டிக்கொண்டது. இரண்டு முறையும் வெண்டல்தான் இறங்கித் தள்ளினான். அடுத்த வருட மழைக்கு நான் யாரைக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கல்லில் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். கல் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, அதனால் உங்கள் கடிதத்தைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் படும்.

என் பையனைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஊரே அவனை யானை என்கிறது. இந்த யானை ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை. பதினோரு வயதில் ஏரிக்கரையில் நடந்த திருச்சபை முகாமுக்கு அனுப்பினோம். சாயங்காலச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போதகர் காரில் கொண்டுவந்து விட்டுவிட்டார். "பாவம், ஏரியே ரொம்பிடும் போல அழுவுறான்" என்றார். நான்கு வருடமாகப் பள்ளிக்கு ஆடுகிறான். பந்தைத் தொட்டதுகூடக் கிடையாது. எதிரே நிற்பவனைக் கீழே தள்ளுவான், பிறகு கை கொடுத்துத் தூக்கிவிட்டு "அடிபட்டுச்சா?" என்று கேட்பான். கேட்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது.

உங்களுக்கு முன்னால் நான்கு கல்லூரிக்காரர்கள் வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து போனார்கள். எல்லாரும் உங்களைவிடப் பெரிய இடம். ஆனால் பையனை உங்களுக்குத்தான் கொடுத்தேன். ஏன் தெரியுமா? நீங்கள் தாயில்லாப் பிள்ளை என்பதால்தான். தாயின் அருமை தெரிந்தவன் இன்னொருத்தி பெற்ற பிள்ளையைக் கைவிட மாட்டான் என்று நினைத்தேன். எங்கள் சபையில் உங்கள் பெயரை ஜெபக் குறிப்பில் சேர்த்திருக்கிறேன். "தாயை இழந்த டேல்" என்று வாராவாரம் வாசிக்கிறார்கள்.

கட்டில், சட்டை எல்லாம் கிடக்கட்டும். எனக்கு ஒரே கேள்விதான். என் பையன் அங்கே இருந்துவிடுவானா?

லொரீன் டிட்வெல்


பெல் க்ரீக்,
மே 14, 1984

ஐயா,

நேற்று அன்னையர் தினம். தாய் இருப்பவர்கள் நெஞ்சில் சிவப்புப் பூவும் தாய் போனவர்கள் வெள்ளைப் பூவும் குத்திக்கொண்டு ஆராதனைக்குப் போகிற நாள். உங்களுக்கு ஒரு வெள்ளைப் பூ வாங்கிக் குத்திவிட ஆள் இருக்காதே என்று என் மனசு கேட்கவில்லை. உங்கள் ஊர்ப் பூக்கடைக்குப் போன் போட்டு, நேற்றுக் காலை உங்கள் வீட்டுக்கு ஒரு வெள்ளைப் பூவும் ஓர் அட்டையும் அனுப்பச் சொன்னேன். "உங்கள் அருமைத் தாயாரின் நினைவாக" என்று எழுதச் சொல்லி, என் பெயரும் போன் எண்ணும் கொடுத்தேன்.

நான் ஆராதனைக்குக் கிளம்பும்போது போன் அடித்தது.

"லொரீன் டிட்வெல்ங்களா?"

"ஆமா, நீங்க யாரு?"

"நான் யூனிஸ் பர்விஸ். டேலோட அம்மா."

"எந்த யூனிஸ்?" என்றேன்.

"செத்துப்போன யூனிஸ்தான். மகனப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன். அவன் குளிக்கிறான். பூ வந்துச்சு, ரொம்ப அழகா இருக்கு. நான் எப்படிப் போனேன்னு கேக்கலாம்னுதான் கூப்பிட்டேன்."

"மாரடைப்புன்னு சொன்னாருங்க" என்றேன்.

"அப்படியா. பரவால்ல, இழுத்துக்கிட்டுக் கெடக்காம போயிருக்கேன்."

மாவுருண்டையைப் பற்றிக் கேட்டேன். அவர் வீட்டில் ஒருநாளும் செய்ததில்லையாம். தொண்டையில் ஒட்டிக்கொள்கிறது என்று உங்களுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காதாம்.

ஐயா, என் வீட்டு உப்பைத் தின்றுகொண்டே பெற்றவளைப் புதைத்திருக்கிறீர்கள். அதுவும் ஒரு தடுப்பு ஆட்டக்காரனுக்காக. பந்து வீசுபவனாக இருந்திருந்தால் குடும்பத்தையே மேலே அனுப்பியிருப்பீர்கள் போலிருக்கிறது. நேற்று எங்கள் போதகரிடம் போய், உங்கள் பெயரைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு அவர் "பேரு அப்படியே இருக்கட்டும் லொரீன், காரணத்த மட்டும் மாத்திக்கலாம்" என்றார்.

வீட்டில் வெண்டலுக்கு இன்னும் தெரியாது. எங்கள் வீட்டுக்காரருக்குத் தெரியும். அவர் சிரித்தார், அதனால் நேற்று அவருக்குச் சோறு இல்லை.

இனிமேல் சர்க்கரை வேண்டாம். உங்கள் முந்தைய கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உண்மையை எழுதுங்கள். என் பையன் முதல் வருடம் ஆடுவானா? அங்கே இருந்துவிடுவானா? பதில் பிடிக்காவிட்டால் அவனை அனுப்ப மாட்டேன். கையெழுத்தாவது, மண்ணாவது.

லொரீன் டிட்வெல்


மார்லோ,
மே 20, 1984

அம்மா,

இதை எழுதும்போது என் தாயார் எதிரே உட்கார்ந்திருக்கிறார். படித்துப் பார்த்த பிறகுதான் தபாலில் போட விடுவாராம். ஒரு வாரமாக இங்கேதான் இருக்கிறார், போகிற மாதிரி தெரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் "செத்தவளுக்கு அவசரம் என்ன" என்கிறார்.

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை முடிக்கலாம் என்பார்கள். எனக்கு வருடத்துக்கு இருபது கல்யாணம். ஒவ்வொரு வீட்டிலும் அம்மாதான் முடிவு சொல்கிறவர். அன்று உங்கள் முகத்தைப் பார்த்தேன், கை நழுவுகிறது என்று தெரிந்தது. வாய் தானாகச் சொல்லிவிட்டது. மன்னிப்புக் கேட்கிறேன். மாவுருண்டை எனக்குப் பிடிக்காது என்பது உண்மைதான். ஆனால் உங்களுடையதை மூன்று தட்டு சாப்பிட்டேன், அதில் கடைசித் தட்டு பொய்யில்லை.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். வெண்டல் முதல் வருடம் ஆட மாட்டான். இன்னும் அவனுக்கு ஆடத் தெரியாது. பெல் க்ரீக்கில் அவன் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் அவனில் பாதி. அவன் சும்மா சாய்ந்தாலே விழுந்தார்கள். கால் வைக்கவும் இடுப்பைத் தாழ்த்தவும் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, தேவையும் இருக்கவில்லை. இங்கே வருகிற ஒவ்வொருவனும் அவனவன் ஊரில் புலி. உள்ளூர்ப் புலிகள் எல்லாம் ஒரே விடுதியில் எலியாகக் கிடக்கும். இவனைவிட ஒரு சாண் குட்டையானவன் இவனைத் தூக்கிப் போடுவான். 72ஆம் எண்ணை ஒரு மூத்த பையன் வைத்திருக்கிறான். கட்டிலுக்கு நான் யாரிடமும் சொல்லவில்லை, நாளைக்குச் சொல்கிறேன்.

அவனிடம் உடம்பும் இருக்கிறது, வேகமும் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து நான் பார்த்ததில்லை. அது மட்டும் பொய்யில்லை. கற்றுக்கொண்டால் ஆடுவான்.

இருந்துவிடுவானா என்றால், தெரியாது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் பயிற்சி முகாமிலிருந்து சிலர் வீட்டுக்கு ஓடிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் பெரிய பையன்கள்தான்.

டேல் பர்விஸ்

பி.கு. அம்மா படித்துவிட்டார். "கண்ணு கலங்குச்சுன்னு வேற சொன்னியாமே, அத எழுதல?" என்கிறார். அதுவும் பொய்தான்.


உங்கள் வீட்டு வாசலில், காருக்குள்ளிருந்து,
ஆகஸ்ட் 18, 1984

அம்மா,

நீங்கள் போனை எடுக்கவில்லை, கதவையும் திறக்கவில்லை. அதனால் இதை உங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நான் எழுதி முடிக்கட்டும் என்று அவர் கார் ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

மே மாதக் கடிதத்துக்கு நீங்கள் பதில் போடவில்லை. பையனை மட்டும் அனுப்பி வைத்தீர்கள். அதையே பதிலாக எடுத்துக்கொண்டேன். நேற்றுக் காலைப் பயிற்சிக்குப் பார்த்தால் அவன் கட்டில் காலி. கோழி லாரியில் ஏறி வந்தானாமே, பெட்ரோல் பங்க்கில் சொன்னார்கள்.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். நான் எழுதியபடியேதான் நடந்தது. லாமர் ஃபிட்ச் என்று ஒரு மூத்த பையன், குட்டை, கழுத்தே கிடையாது. தினமும் வெண்டலைத் தரையில் போட்டான். விழுந்த இடத்திலிருந்து வெண்டல் "ஸாரி" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலைக்குள் வந்துவிட்டால் அவன் இடம் அப்படியே இருக்கும். ஏனென்றால் தலைமைப் பயிற்சியாளரிடம் நான் ஒரு காரணம் சொல்லியிருக்கிறேன். கோபப்படாதீர்கள். அவனுடைய வெஸ்டா அத்தை தவறிவிட்டார் என்று சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டு ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்மணி அவர்தான் என்று நினைக்கிறேன்.

இவன் பெரிய ஆளாக வருவான் என்று எழுதக் கை வருகிறது. எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. அவன் வரவேண்டும் என்று ஆசைப்படுகிறேன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த உண்மை.

டேல் பர்விஸ்


வீட்டுக்குள்ளிருந்து,
அதே நாள்

டேல் பர்விஸுக்கு,

தட்டில் இருப்பது சோள ரொட்டியும் வறுத்த கோழியும். மாவுருண்டை வைக்கவில்லை, பயப்படாமல் சாப்பிடுங்கள். தட்டு திரும்பி வரவேண்டும்.

அந்த ஜன்னல் பெண்மணி என் நாத்தனார் வெஸ்டாதான். விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. "காலேஜ்ல இருந்து மலர்வளையம் வருமா?" என்று கேட்கிறாள். பதில் சொல்லாமல் போகக் கூடாதாம்.

இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நேற்று மத்தியானம் வெண்டல் பின்வாசல் வழியாக வந்து நின்றான். தலையெல்லாம் கோழி இறகு. "என்னால முடியலம்மா" என்றான். உட்கார வைத்தேன். ஒரு கோழி முழுசாகத் தின்றான். நான் பரிமாறிக்கொண்டே இருந்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர், வாயைத் திறந்தால் மரத்தூள் போய்விடும் என்று நினைக்கிறவர், மர மில்லிலிருந்து வந்து என்னையே பார்த்தார். "புள்ள தோத்துட்டு வந்திருக்கான். நீ அழுவேன்னு நெனச்சேன். சிரிச்சுக்கிட்டிருக்கியே லொரீன்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உண்மைதான், நான் சந்தோஷமாக இருந்தேன். அவன் அங்கே விழுந்ததில் எனக்கு லாபம். என்ன தாய் நான் என்று ராத்திரியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

காலையில் உங்கள் மே மாதக் கடிதத்தை எடுத்து அவனுக்கு வாசித்தேன். "இன்னும் அவனுக்கு ஆடத் தெரியாது" என்ற இடத்தில் அவன் முள்கரண்டியை வைத்துவிட்டான்.

"இத கோச் எப்ப எழுதினாரு?"

"மே மாசம்."

"அப்ப எனக்கு ஆடத் தெரியாதுன்னு அவருக்கு மொதல்லயே தெரியுமா? தெரிஞ்சுதான் கூட்டிட்டுப் போனாரா?"

"ஆமா."

"நான்தான் அவங்கள ஏமாத்திட்டேன்னு நெனச்சேன்மா. பெரிய ஆட்டக்காரன்னு நம்பிட்டாங்க, இப்ப எல்லாம் வெளிச்சமாயிடுச்சுன்னு நெனச்சேன். அந்த வெக்கத்துலதான் ஓடி வந்தேன்."

அப்புறம் இரண்டு முட்டை கேட்டான். உங்கள் காரைப் பார்த்ததும் பையைக் கட்டப் போய்விட்டான். அடிவாங்கினதுக்கு ஓடி வந்திருக்கிறான் என்று நானும் நினைத்தேன், நீங்களும் நினைத்தீர்கள். பெற்றவளுக்கே தெரியவில்லை.

பின் சீட்டைக் காலி செய்யுங்கள். முன் சீட்டில் அவனுக்குக் கால் மடங்காது. வழியில் அவனிடம் இனிப்பாக எதுவும் பேச வேண்டாம்.

லொரீன்


மார்லோ,
அக்டோபர் 7, 1984

அம்மா,

நல்ல செய்தியாக எழுதக் கை துறுதுறுக்கிறது. அடக்கிக்கொண்டு எழுதுகிறேன்.

வெண்டல் இன்னும் தினமும் விழுகிறான். முன்பைவிடக் கொஞ்சம் தாமதமாக விழுகிறான். போன வியாழக்கிழமை முதல்முறையாக லாமர் ஃபிட்ச் விழுந்தான். மைதானமே அமைதியாகிவிட்டது. உங்கள் பையன் கை நீட்டித் தூக்கிவிட்டு "அடிபட்டுச்சா?" என்று கேட்டான். லாமருக்கு எந்தக் கையில் கோபம் வந்தது, எந்தக் கையில் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை, இரண்டு கையாலும் இவன் தலைக்கவசத்தில் அடித்தான். இப்போது இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சாப்பிடப் போகிறார்கள். சமையல்காரர் என்னிடம் புகார் சொல்கிறார்.

ஆராதனைக்குப் போகிறான். பக்தியா, அங்கே மத்தியானம் போடுகிற சாப்பாடா என்று நான் கேட்கவில்லை. கட்டிலின் கடைசியில் ஒரு பெஞ்சைப் போட்டிருக்கிறோம். முதல் இரண்டு வாரம் அழுதிருக்கிறான் என்று அறைத் தோழன் சொன்னான். இப்போது குறட்டை விடுகிறானாம், அழுததே தேவலை என்கிறான்.

மலர்வளையம் போய்ச் சேர்ந்ததற்குத் தலைமைப் பயிற்சியாளருக்கு வெஸ்டா அம்மையார் நன்றிக் கடிதம் போட்டிருக்கிறார். தன் பெயரிலேயே போட்டிருக்கிறார். தலைமைப் பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுக் கடிதத்தைக் காட்டி, அடியிலிருந்த பெயரைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். என் வேலை இன்னும் போகவில்லை. எப்படி என்று தெரியவில்லை.

நவம்பர் 17 கடைசி ஆட்டம், எங்கள் மைதானத்தில். வெண்டல் ஆட மாட்டான். சுத்தமான சட்டையோடு ஓரத்தில் நிற்பான். அதைப் பார்க்க அவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வரவேண்டுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். வருவதாக இருந்தால் என் அம்மா உங்களுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து வைப்பார்.

டேல்


பெல் க்ரீக்,
நவம்பர் 18, 1984

டேல் தம்பிக்கு,

நேற்று உங்களிடம் சரியாகச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டேன். கோபமில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா நல்ல துணை. ஆட்டம் முழுக்க நடுவரைத் திட்டினார். செத்துப் பிழைத்தவர்களுக்குப் பயமே இருக்காது போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர்கூட அவரோடு சேர்ந்து ஒரு தரம் கத்தினார். கல்யாணமானதிலிருந்து அவர் கத்தி நான் கேட்டதில்லை.

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. யார் ஜெயித்தார்கள் என்று காரில் வரும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஓரத்தில் நின்ற பையனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளியில் ஆடும்போது ஒவ்வொரு தடவையும் திரும்பி, நான் உட்கார்ந்திருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆட்டத்துக்குக் குனிவான். நேற்று எந்த நேரமும் திரும்பிப் பார்ப்பான் என்று, அவனுக்கு ஆட்டிக் காட்டச் சிவப்புத் துண்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அவன் அந்தக் கழுத்தில்லாத பையனுக்குத் தண்ணீர் கொடுத்தான். யாருக்கோ தோள்கவசத்தின் வாரைக் கட்டிவிட்டான். ஏதோ சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தான். என் பையன் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்து நான் பார்த்ததேயில்லை. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ஆட்டம் முடிந்து வந்தான். கட்டிப்பிடித்துத் தூக்கினான், என் கால் தரையில் இல்லை. நான் சுட்டுக் கொண்டுபோன பெக்கான் பருப்பு இனிப்பு எல்லாவற்றையும் அவன் கூட்டாளிகள் நின்றபடியே காலி செய்தார்கள். நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தான். அப்புறம் அந்த லாமர் கூப்பிட்டான். இவன் என் நெற்றியில் ஒரு முத்தம் கொடுத்துவிட்டு, "சரிம்மா, நேரமாச்சு, நான் வீட்டுக்குக் கெளம்புறேன்" என்றான். சொல்லிவிட்டு விடுதிப் பக்கம் நடந்தான்.

என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரியவேயில்லை. எங்கள் வீட்டுக்காரருக்குக் கேட்டது. என் கையிலிருந்த காலிப் பாத்திரத்தை வாங்கிக்கொண்டார். அதனால்தான் தம்பி நான் கிளம்பிவிட்டேன். அங்கே நின்றிருந்தால் உங்கள் ஊரிலும் ஓர் ஏரி ரொம்பியிருக்கும்.

நான் கேட்டது ஒன்றுதான், அது நடந்துவிட்டது. உங்கள் மேல் குறையில்லை. பொய் சொல்லிக் கூட்டிப் போனீர்கள், உண்மை சொல்லி இருக்க வைத்தீர்கள். சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அழுகை அது பாட்டுக்கு வருகிறது, பஸ் ஓட்டும்போது வராவிட்டால் சரி.

நீங்கள் ஜனவரியில் மறுபடியும் ஊர் ஊராகக் கிளம்பி, யார் வீட்டு மேசையிலாவது உட்காருவீர்கள். எவளாவது ஒருத்தி, என் பையன் அங்கே இருந்துவிடுவானா என்று கேட்பாள். நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், என் போன் எண்ணைக் கொடுங்கள். இருந்துவிடுவான் என்று சொல்கிறேன். அவளுக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல மாட்டேன்.

லொரீன்